புத்தகக் கடையில் ஒரு சாயங்காலம்: எழுத்தாளர் சந்திப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கும் நடத்த நினைப்பவர்களுக்கும்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, எங்க ஊருல ஒரு சின்ன புத்தகக் கட உண்டு. அங்க ஒரு எழுத்தாளரக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தணும்னு ஆச. எங்க தொடங்கணும்னே தெரியல்ல." அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆறேழு வருடமாக இப்படிச் சின்னக் கூட்டங்களுக்கு நாற்காலி தூக்கியிருக்கிறேன். மற்றபடி எனக்கு வேறு தகுதி கிடையாது.

மண்டபக் கூட்டம் வேறு, கடைக் கூட்டம் வேறு. மண்டபத்தில் மேடை, பொன்னாடை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் பட்டியல் எல்லாம் உண்டு. கடையில் 25 பேர் உட்காரலாம், அதற்கு மேல் வந்தால் அலமாரியில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். அந்த 25 பேரில் மூன்று பேர் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தால் கூட்டம் தேறிவிடும். ஒருவரும் படிக்கவில்லை என்றால் நூறு பேர் வந்தும் பிரயோஜனமில்லை. ஆகவே உங்கள் முதல் வேலை அந்த மூன்று பேரைத் தேடிப் பிடிப்பது. மற்றதெல்லாம் நாற்காலிக் கணக்கு.

நடத்துவதற்கு முன் நாலு கூட்டத்துக்குப் போங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் இரண்டுக்கும் இங்கே கிளைகள் உண்டு. நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளிலும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரத்திலும் எங்காவது ஏதாவது நடக்கும். புத்தகத் திருவிழா நடக்கிற நாட்களில் தினமும் சாயங்காலம் பேச்சு இருக்கும். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. நாகர்கோவில் கே.பி. சாலையில் காலச்சுவடு பதிப்பகம் இருக்கிறது, ஊருக்குள் நியூ செஞ்சுரி புத்தகக் கடையின் கிளை இருக்கிறது, உங்கள் ஊரிலேயே ஒரு சின்னக் கடை இருக்கலாம். எங்கேயாவது போய் ஒரு புத்தகம் வாங்குங்கள். பில் போடும்போது "கூட்டம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டுவையுங்கள். இரண்டு முறை கேட்டால் யாராவது உங்கள் எண்ணை வாங்கி ஏதாவதொரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். அதற்குப்பிறகு தினமும் காலையில் வரும் பூப்படங்களையும் சேர்த்துத்தான் பார்த்தாக வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்குத் தயக்கம் இருக்கும். அழைப்பிதழில் நம் பெயர் இல்லையே, அங்கே யாரையும் தெரியாதே என்று தோன்றும். கீழே 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தால் நிஜமாகவே அனைவரும்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது. புத்தகம் வாங்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. ஐந்து மணி என்று போட்டிருந்தால் கூட்டம் ஐந்தரைக்குத்தான் தொடங்கும், ஆனாலும் ஐந்துக்கே போங்கள். நாற்காலி போட ஆள் குறைவாக இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டால் போதும், நீங்கள் கடைக்காரராகிவிடுவீர்கள். எழுத்தாளரும் அந்த நேரத்தில்தான் வெளியே சாயா குடித்துக்கொண்டு சும்மா நிற்பார். மைக்கில் பேசுவதைவிட அங்கே பேசுவது பல சமயம் நன்றாக இருக்கும்.

கேள்வி கேட்க ஆசையிருந்தால் ஒன்று கேளுங்கள், ஒன்றே ஒன்று. கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் உங்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். நம் பக்கத்துப் பெயர்களைக் காதால் கேட்டு எழுத முடியாது. ஜெபின், ஜோபின், ஷிபின், ஷெபின் என்று நாலு பேர் வரிசையில் நின்றால் வெளியூர் எழுத்தாளர் என்ன செய்வார்?

ஒருமுறை கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் நூலகத்தில் எடுத்த பிரதியைக் கொண்டுவந்து கையெழுத்துக்கு நீட்டினார். எழுத்தாளர் முதல் பக்கத்தைத் திருப்பி ஊதா முத்திரையைப் பார்த்தார். பேனாவை மூடினார். "இது சர்க்கார் புஸ்தகமாக்கும் மக்களே" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. அப்புறம் அவர் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். ஏழெட்டுத் தேதிகள் இருந்தன. "இத்தன பேரு எடுத்திருக்காவளா?" என்று அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். கையெழுத்தை அவளுடைய நோட்டில் போட்டுக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அன்றைக்கு அவர் ரொம்ப சந்தோஷப்பட்டது அந்தச் சீட்டுக்குத்தான். ஆகவே நூலகப் பிரதியோடு வர வெட்கப்பட வேண்டாம்.

கடைக்காரரிடம் கணக்கைத்தான் முதலில் பேச வேண்டும்

நாலு கூட்டம் பார்த்தாயிற்று, இனி நாமே நடத்தலாம் என்று தோன்றினால் நேராகக் கடைக்காரரிடம் போங்கள். அவர் கேட்கப்போவது இரண்டே கேள்வி. "ஆளு எத்தன வருவாவ? புக்கு எத்தன போவும்?" இலக்கியச் சேவை என்றெல்லாம் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். அவர் வாடகை கட்டுகிறவர்.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். பதிப்பகங்கள் கடைக்குத் தரும் கழிவு, அதாவது கமிஷன், பொதுவாக விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். 250 ரூபாய்ப் புத்தகம் 12 பிரதி விற்றால் 3000 ரூபாய். 30 சதவீதம் கழிவு என்று வைத்தால் கடைக்கு 900. புத்தகக் கண்காட்சிப் பழக்கத்தில் எல்லோரும் 10 சதவீதம் தள்ளுபடி எதிர்பார்ப்பார்கள், அதைக் கொடுத்தால் மிச்சம் 600. வாடகை நாற்காலி, 30 பேருக்கு சாயாவும் பழம்பொரியும் என்று எப்படியும் ஆயிரத்தைத் தாண்டும். ஆக, ஒரு கூட்டத்தால் கடைக்கு அன்றைக்கே லாபம் வராது. இதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாற்காலிச் செலவும் சாயாச் செலவும் எங்களோடது, இடமும் விற்பனையும் உங்களோடது என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. நாலைந்து நண்பர்கள் ஆளுக்கு 300 ரூபாய் போட்டால் முடிந்தது. கடைக்காரருக்கு வரும் நிஜமான ஆதாயம் அடுத்த மாதம்தான் தெரியும், கூட்டத்துக்கு வந்தவர் சும்மா ஒரு நாள் உள்ளே நுழையும்போது.

பிரதிகள் கைக்கு வந்து சேர்ந்த பிறகே அழைப்பிதழ் அனுப்புங்கள். இது பட்டு அறிந்தது. ஒரு கூட்டத்துக்கு 20 பிரதி கேட்டிருந்தோம். அனுப்பிவிட்டோம் என்றார்கள். பார்சல் எங்கேயோ படுத்துவிட்டது. எழுத்தாளர் வந்துவிட்டார், வாசகர்கள் வந்துவிட்டார்கள், மேசைமேல் கடையில் ஏற்கெனவே இருந்த மூன்று பிரதி மட்டும் இருந்தது. அதில் ஒன்றுக்கு முனை மடங்கியிருந்தது. பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. இப்போதெல்லாம் இரண்டு வாரம் முன்பே வரவழைக்கிறோம். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பதிப்பகத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எழுத்தாளரின் முந்தைய புத்தகங்களிலும் இரண்டிரண்டு வையுங்கள். பேச்சு நன்றாக இருந்தால் அவைதான் முதலில் போகும்.

யாரைக் கூப்பிடுவது

சென்னையிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். பொன்னீலன் (1994), தோப்பில் முஹம்மது மீரான் (1997), நீல பத்மநாபன் (2007), நாஞ்சில் நாடன் (2010) என்று சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாலு பேரின் வேர்கள் உள்ள மாவட்டம் இது. இளம் எழுத்தாளர்களுக்கான அகாதமி விருதை 2012-ல் வாங்கிய மலர்வதியும் இந்த மண்தான். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் தன் வீட்டிலேயே 'காகங்கள்' என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி இலக்கியம் பேசியவர். அந்தக் கூட்டங்களுக்கு மேடை தேவைப்பட்டிருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுதுகிறவர்கள் பஸ்ஸில் நம் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறார்கள்.

என் யோசனை, முதல் மூன்று கூட்டத்துக்கு மாவட்டத்துக்குள் இருக்கிறவர்களையே கூப்பிடுங்கள். முதல் புத்தகம் போட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் இது முதல் கூட்டமாக இருக்கும், உங்களுக்கும் முதல். யாருடைய தப்பும் பெரிதாகத் தெரியாது. திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். அங்கே தமிழில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தமிழ் படிக்கத் தெரிந்த மலையாள எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வாசகர்களில் பலருக்கு மலையாளப் பேச்சு தடையில்லாமல் புரியும். இந்த வசதி மதுரைக்காரர்களுக்குக் கிடையாது.

சென்னையிலிருந்து வருவதானால் காலை வந்தே பாரத்தில் ஏறினால் மதியத்தில் நாகர்கோவில் வந்துவிடலாம், சாயங்காலக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். நாளும் நேரமும் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பயணச் செலவு, தங்க இடம், சாப்பாடு மூன்றையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். "வாங்க சார், எல்லாம் பாத்துக்கலாம்" என்பது எழுத்தாளர்களைப் பயமுறுத்தும் வாக்கியம். "ரயில் டிக்கெட் நாங்கள் போடுகிறோம், ஒரு நண்பர் வீட்டில் தங்கலாம், சன்மானம் தர வசதியில்லை" என்று தெளிவாகச் சொன்னால் வருகிறவர் வருவார்.

நாள் பார்ப்பது

இந்த மாவட்டத்தில் கூட்டம் நடத்துகிறவர் பஞ்சாங்கம், திருவிழா அட்டவணை, வானிலை மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடாது. பாதிப்பேர் கோவிலில் (நம்மூரில் சர்ச்சும் கோவில்தான்) இருப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணி நல்ல நேரம். கடலோர ஊர்களிலிருந்து வருபவர்களுக்கும் ஞாயிறு தோதுப்படும், அன்றைக்குத் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கடல் சம்பந்தப்பட்ட புத்தகம் என்றால் இன்னொரு வசதி உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31. நம் மாவட்டத்தில் இரண்டு கரையும் உண்டு. அந்த நாட்களில் வைத்தால் கடலுக்குப் போகிறவர்களே நேரில் வந்து, எழுத்தாளர் காற்றின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் இருந்திருக்கிறேன். விமர்சகர் பேசியது யாருக்கும் நினைவில்லை, அந்தத் திருத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

டிசம்பர் 3-ல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை விழா, தக்கலையில் பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா ஆகியவற்றுக்கு அந்தந்தப் பக்கத்தில் கூட்டம் வைக்காதீர்கள். போக்குவரத்து நின்றுவிடும், உங்கள் வாசகரும் அங்கேதான் நிற்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு வாரமும் வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஊர்க்கோவில் கொடை விழாக்கள். கடைக்கு எதிரே குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய முகூர்த்த நாள் என்றால் கல்யாண வீட்டிலிருந்து தாம்பூலப் பையோடு வருகிறவர்கள் மூன்றாவது உரையில் தூங்குவார்கள்.

மழை அடுத்தது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமழை. தோவாளையில் வெயில் அடிக்கும்போது குலசேகரத்தில் கொட்டும். மழையை நினைத்துக் கூட்டத்தை ஒத்திப்போட வேண்டாம். ஆனால் கடை வாசலில் குடைகளை நிறுத்த ஒரு வாளி வையுங்கள். புத்தகக் கடைக்குள் ஈரக்குடை நுழைவதைப் பார்த்தால் கடைக்காரருக்கு நெஞ்சு அடைக்கும்.

கடைசியாக பஸ். எப்படி இழுத்தாலும் ஆறரை, ஏழுக்குள் முடித்துவிடுங்கள். வடசேரியிலிருந்தும் அண்ணா பஸ் நிலையத்திலிருந்தும் உள்ளூர்ப் பஸ்கள் இருட்டிய பிறகு குறைந்துகொண்டே போகும். கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று அமைப்பாளர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய அழைப்பிதழை வாங்கிப் பாருங்கள், மாலை ஆறு மணி என்று இருக்கும். நாங்கள் நாலு மணிக்கு மாற்றியபோது ஆசிரியைகளும் கல்லூரி மாணவிகளும் வந்தார்கள். ஒரு அம்மா பேரப்பிள்ளையையும் கூட்டிவந்தார், அவன் சிறுவர் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் படம் பார்த்தான்.

கடையை ஒழுங்குபடுத்துவது

நடு மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். நாற்காலியை வரிசையாகப் போடாமல் அரைவட்டமாகப் போடுங்கள். எழுத்தாளரும் அதே நாற்காலியில், அதே மட்டத்தில் உட்காரட்டும். வாசலுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைக்காதீர்கள், தாமதமாக வருகிறவர் ஒவ்வொருவரையும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். 25 பேருக்கு மைக் வேண்டாம், ஆனால் கடை மெயின் ரோட்டில் இருந்தால் ஒரு சின்னப் பாக்ஸ் ஸ்பீக்கர் வேண்டும். களியக்காவிளை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது எந்தக் கவிதையும் நிற்காது. கல்லாப்பெட்டியை வாசல் பக்கம் வையுங்கள். பைக் எங்கே நிறுத்தலாம் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நடுவில் சண்டை வராது. அவருக்கும் ஒரு சாயா கொடுங்கள்.

நடத்துவது

ஒன்றரை மணி நேரம் போதும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, வரவேற்பு ஐந்து நிமிடம், புத்தகத்தைப் படித்த இரண்டு பேர் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், எழுத்தாளர் இருபது நிமிடம், மீதி எல்லாம் பேச்சு. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். பொன்னாடை கண்டிப்பாக வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு பிரதி வாங்கிப் பக்கத்துப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தால் எழுத்தாளர் மறுக்கவே மாட்டார். தரத்தான் வேண்டுமென்றால் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுங்கள். வெளியூர்க்காரர்கள் அதை ஊருக்குப் போகும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

பேசும் இருவரில் ஒருவர் எழுத்துப் பழக்கம் இல்லாத வாசகராக இருக்கட்டும். வங்கியில் வேலை பார்ப்பவர், ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர், யாராகவும் இருக்கலாம். ஒரு மாதம் முன்பே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். "விமர்சனம் பண்ணுங்க" என்று சொன்னால் பயந்துவிடுவார். "எந்தப் பக்கத்துல நிறுத்திட்டு யோசிச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆரம்பத்தில் சொன்ன மூன்று பேரில் ஒருவர் இவர்தான். இன்னொருவர் அடுத்துப் பேசுகிறவர். மூன்றாமவரைச் சபையில் உட்கார வைத்து, முதல் கேள்வியை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். முதல் கேள்விக்கு முன்னால் ஒரு அமைதி விழும், அதை உடைக்க ஆள் வேண்டும்.

அப்புறம் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற ஒருவர் உண்டு. "ஒரு சின்னக் கேள்வி" என்று எழுந்து, சங்க காலத்தில் தொடங்கித் தன் பணி ஓய்வு வரை வருவார். அவரை அவமானப்படுத்தக் கூடாது. பல சமயம் அவர்தான் அங்கே அதிகம் படித்தவர், கடையில் மாதம்தோறும் வாங்குகிறவரும் அவர்தான். எங்கள் கடையில் உதவிக்கு நின்ற பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். சார் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தும் அந்த நொடியில் சாயா டம்ளரைக் கையில் கொடுத்துவிடுவான். "சூடாட்டு இருக்கு சாரே, பிடியுங்க." இரண்டு கையாலும் பிடித்தால்தான் முடியும். ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். அதற்குள் ஒருங்கிணைப்பாளர், "சார் கேட்டதுல முக்கியமான விஷயம் என்னன்னா" என்று எழுத்தாளரிடம் பேச்சைத் திருப்பிவிடுவார். சார் கோபித்துக்கொண்டதே இல்லை. பையனுக்குப் பத்து ரூபாய் டிப்ஸ்கூடக் கொடுத்திருக்கிறார்.

சாயாவைக் கடைசியில் கொடுக்காமல் கேள்வி நேரத்தின் தொடக்கத்தில் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியில் கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், புத்தக மேசைப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

முடிந்த பிறகு

ஒரு நோட்டில் பெயரும் போன் எண்ணும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். எண் கொடுக்க விருப்பமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அடுத்த அழைப்புக்கு இதுதான் கைமுதல். படம் எடுத்தால் குழுவில் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே, கடையை அடைக்கும் முன், விற்ற பிரதியை எண்ணி எழுதுங்கள். ஜிபேயில் வந்ததும் கல்லாவில் வந்ததும் தனித்தனியாக. எழுத்தாளர் தன் பையில் கொண்டுவந்த பிரதிகள் விற்றிருந்தால் அந்தக் காசை அவர் வண்டி ஏறும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். "அப்புறம் அனுப்புறோம்" என்று சொன்னது மறந்துபோய், ஒரு நல்ல கவிஞர் இரண்டு வருடம் எங்களிடம் பேசாமல் இருந்தார். அவர் கேட்கவும் இல்லை, நாங்களும் நினைக்கவில்லை. தொகை 360 ரூபாய்.

அடுத்த கூட்டத்தின் தேதியை அங்கேயே, எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். புத்தகத்தின் பெயரையும் சொன்னால் ஒருவராவது அன்றைக்கே வாங்கிக்கொண்டு போவார்.

வாடகை நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒன்று குறைந்தால் பதற வேண்டாம், எதிரே சாயாக்கடை வாசலில் போய்ப் பாருங்கள். சார் அதில் உட்கார்ந்து எழுத்தாளரிடம் மிச்சக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.